கத்தாமல் எடுத்த சோதனை

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குத்தான் அசிங்கம். ஒரு நண்பரை மூச்சுச் சோதனைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போயிருந்தேன்.

[நண்பர் இல்லை. நான்தான். இதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? இருபத்தாறு வருடம் சிகரெட் பிடித்தவன். மூன்று மாதமாக இருமல் நிற்கவில்லை. தங்கை திட்டித் திட்டி அனுப்பிவைத்தாள்.]

இரண்டாவது மாடியில், எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. மேசை, கணினி, கணினியோடு கம்பியில் இணைத்த ஒரு கைப்பிடிக் கருவி. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி என் மூக்கில் கிளிப் மாட்டினார். அட்டைக் குழாயை என் வாயில் வைத்தார். அதுவரை நூலகத்தில் பேசுவதுபோல மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தார். "இழுங்க இழுங்க இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இருக்கு உள்ளே, இன்னும், இன்னும், இன்னும்." எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. இதே மாதிரி மூன்று தடவை.

முடிந்ததும் கேட்டேன். "எதுக்குங்க இப்படிக் கத்தறீங்க?"

"கத்தலேன்னா யாரும் முழுசா ஊத மாட்டாங்க சார். நல்ல நுரையீரல்கூட கெட்டுப்போன மாதிரித் தெரியும்" என்றார், என் பேப்பரை அச்செடுத்துக்கொண்டே.

அவ்வளவுதான். அந்த அம்மையாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு பதில் மட்டும். இதற்குப் பிறகு வருவதெல்லாம் நான் கட்டியது, அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒருவர் வாயைத் திறக்காமல் சும்மா இருந்தாலே இன்னொருவரை நோயாளியாக்கிவிடலாம் என்றால், அந்த ஒருவர் நம் வீட்டிலேயே இருந்தால் என்ன ஆகும்?

2

தொடக்கம் வரவில்லை. எழுதி அடித்தவற்றில் மூன்றை இங்கே விட்டுவைக்கிறேன்.

அந்தக் காலை மேகமூட்டமாக இருந்தது, அவள் மனதைப்போலவே, ஏனென்றால்

(வேண்டாம். ஜன்னலே இல்லாத அறை. மேகம் எங்கிருந்து வந்தது?)

மின்சிகரெட்டை ஒழுங்குபடுத்துவது குறித்து உலகெங்கும் விவாதம் நடந்துவரும் இவ்வேளையில், ஒரு சாதாரணக் குடும்பம்

(இது தலையங்கம். தலையங்கத்தை யாரும் பயந்துகொண்டே படித்ததில்லை.)

அவள் தன் கணவனைக் கொல்ல நினைக்கவில்லை.

(இந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு பார்த்தால் மலிவாக இருந்தது. அதோடு விஷயம் நேர் எதிர்: அவள் அவரைப் பிழைக்கவைக்கத்தான் நினைத்தாள்.)

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனையில் மூச்சுச் சோதனை எடுக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். பத்தொன்பது வருட சர்வீஸ். நோயாளிகள் அவளுக்கு 'ஊதுங்கக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊழியர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டிடங்களின் உச்சியில், மோட்டார் ஓடும் அறையில் தனியாக வேலை பார்ப்பவர். அங்கே யாரும் எட்டிப்பார்ப்பதில்லை என்பதால் ஒரு நாளைக்கு முப்பது சிகரெட் சாதாரணமாக முடிந்துவிடும். ஒரே மகள். கதை நடக்கும்போது அவளுக்குப் பதினாறு வயது. வீட்டில் குட்டி என்பார்கள்.

3

கதைக்கு இரண்டு வருடம் முன்னால் ஊதுங்கக்கா ஒரு தப்புச் செய்தாள்.

பதினாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் சிகரெட்டை விடச் சொல்லி அவள் கேட்காத விதமில்லை. கெஞ்சினாள். சண்டை போட்டாள். ஒரு மாதம் பேசாமல் இருந்து பார்த்தாள், அதை அவர் கவனிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. சிகரெட் பெட்டியில் அச்சடித்திருக்கும் அழுகிய வாய்ப் படத்தைக் கத்தரித்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினாள். அவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாகச் சவரம் செய்தார்.

கடைசியில் ஒரு மதியம், வெளிநோயாளிகள் நேரம் முடிந்த பிறகு, சோதனை அறைக்கு வரச் சொன்னாள். அவரும் கிண்டலோடு வந்து உட்கார்ந்தார்.

"என்ன, என்னையும் ஊதச் சொல்லப்போறியா? நான்தான் தினமும் ஊதறேனே."

அந்தப் பேச்சுத்தான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். கிளிப்பை மாட்டினாள், குழாயைக் கொடுத்தாள். பிறகு, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் மணி கேட்பதுபோல, "ஊதுங்க" என்றாள்.

கத்தவில்லை. 'இன்னும்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி ஊதிவிட்டு நிறுத்தினார். கணினித் திரையில் சிவப்பில் ஒரு வரி வந்தது: முயற்சி போதவில்லை, மீண்டும் எடுக்கவும். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து திரை தெரியாது. மூன்று தடவையும் அதே சிவப்பு வரி. மூன்று தடவையும் 'ஏற்றுக்கொள்' என்ற பொத்தானை அழுத்தினாள்.

அவர் வயதுக்கும் உயரத்துக்கும் முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வர வேண்டுமோ, அதில் நூற்றுக்கு அறுபத்தொன்றுதான் வந்திருக்கிறது என்று பேப்பர் சொன்னது. அவள் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"அறுபத்தொண்ணா?" என்றார் அவர்.

"ஆமாங்க."

"மீதி எங்கே போச்சு?"

அவள் பேப்பரை மடித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அடுத்த அறையிலிருந்து எக்ஸ்ரே உறையோடு வந்த யாரோ நகரச் சொன்னபோதுகூட நகரவில்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. ஆள் நன்றாகப் பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்தாள்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்த இடத்தில் அவளை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கைப்பிரதியைப் படித்த என் தங்கைக்கும் பிடிக்கவில்லை. அவள் பள்ளியில் அறிவியல் எடுப்பவள். "பத்தொன்பது வருஷம் மெஷினை நம்பி வேலை செஞ்சவ இப்படிச் செய்வாளா அண்ணா?" என்றாள். செய்வாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பத்தொன்பது வருடம் வேலை செய்தவளுக்குத்தான் இப்படிச் செய்யத் தெரியும்.

4

அந்த அறுபத்தொன்று வேலை செய்தது. மூன்று நாள் அவர் சிகரெட்டைத் தொடவில்லை. நான்காம் நாள் கை நடுக்கம் தாங்காமல், கூட வேலை பார்க்கும் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு மின்சிகரெட்டை வாங்கினார். பேனா அளவு இருக்கும். இழுத்தால் நுனியில் நீல வெளிச்சம் வரும். நெருப்பு கிடையாது, சாம்பல் கிடையாது, சட்டையில் நாற்றம் கிடையாது. ஆனால் நிகோடின் உண்டு. அவர் அதற்கு 'மெஷின்' என்று பேர் வைத்தார். மெஷின்களோடு பழகியவர், அதனால் அதோடும் ஒத்துப்போய்விட்டார். இருபது மாதமாக ஒரு சிகரெட்கூட இல்லை. காலை இருமல் நின்றது. லிஃப்ட் ஓடாத கட்டிடத்தில் எட்டு மாடி ஏறிவிட்டு வந்து அதை ஒரு சாதனையாக வீட்டில் சொன்னார்.

இதெல்லாம் நிஜம். இதில் அவள் கைவரிசை எதுவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் கேட்டார். "இன்னொரு தடவை எடுத்துப் பாரேன். எவ்வளவு ஏறியிருக்குன்னு பாப்போம்."

அவள் எடுத்தாள். இந்தத் தடவை சுவர் அதிரக் கத்தினாள். ஏன் கத்தினாள் என்பதில் எனக்கே தெளிவில்லை. [ஒரு வரைவில் 'குற்ற உணர்ச்சியால்' என்று எழுதி அடித்தேன். இன்னொன்றில் 'பழக்கத்தால்' என்று எழுதி அதையும் அடித்தேன்.] எண்பத்துநான்கு வந்தது.

அவர் இரண்டு பேப்பரையும் ஃபிரிட்ஜ் கதவில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். அறுபத்தொன்று, எண்பத்துநான்கு, இரண்டின் கீழும் மனைவியின் கையெழுத்து. வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் முதலில் அடுக்களைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். "பாருங்க, மெஷின் என் நுரையீரலைத் திருப்பிக் குடுத்திருக்கு. டெஸ்ட் எடுத்தது வேற யாரும் இல்லை, என் வீட்டுக்காரிதான்."

உண்மையில் எவ்வளவு ஏறியது? கொஞ்சம் ஏறியிருக்கலாம். ஏறாமலும் இருக்கலாம். அவருக்கு முதலிலிருந்தே எண்பத்துநான்கு இருந்திருக்கலாம், எண்பத்தெட்டு இருந்து குறைந்தும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள இனி வழியே இல்லை. அந்த வழியை அவளே அடைத்துவிட்டாள். ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்த இரண்டு எண்ணும் அவள் கண்ணில் படும். வீட்டில் ஃபிரிட்ஜை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால் அவர் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். அப்ப எனக்கு ஒண்ணுமே ஆகலையா? அன்னைக்கு நான் பயந்தது வீணா? கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு முனைக்கடைக்குப் போய் ஒரு பெட்டி சிகரெட் வாங்குவார். அதனால் அவள் மூச்சு விடவில்லை.

5

இதற்குள் ஊரில் (மின்சிகரெட்டை இன்னும் தடை செய்யாத ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்) விவாதம் சூடுபிடித்திருந்தது. மின்சிகரெட்டைச் சாதாரணக் கடைகளில் விற்கக் கூடாது, பழ வாசனைகளுக்கு முழுத் தடை, புகைப்பவர்களுக்கு மட்டும் மருத்துவர் சீட்டின் பேரில் மருந்துக்கடையில் கொடுக்கலாம் என்று ஒரு புதிய விதி வரப்போவதாகவும், அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்கப்போவதாகவும் அறிவிப்பு வந்தது. யார் வேண்டுமானாலும் பேர் கொடுத்து மூன்று நிமிடம் பேசலாம். லிஃப்ட்காரர் முதல் ஆளாகப் பேர் கொடுத்தார்.

"ரெண்டு பேப்பரையும் கொண்டுபோறேன். அதைப் பாத்தப்புறம் எவன் தடை போடறான்னு பாக்கலாம்."

"அதெல்லாம் வீட்டுப் பேப்பருங்க. அங்கே எதுக்கு?" என்றாள் அவள்.

"வீட்டுப் பேப்பரா? ஆஸ்பத்திரி முத்திரை இருக்கு, உன் கையெழுத்து இருக்கு."

கூட்டம் வியாழக்கிழமை. புதன்கிழமை காலை அவள் துணி மடித்துக்கொண்டு குளியலறைப் பக்கமாகப் போனாள். உள்ளே மகள். தண்ணீர்ச் சத்தம் இல்லை. ஒரு மூச்சு கேட்டது. நீளமாக இழுத்து, நிறுத்தி, மெதுவாக விடும் மூச்சு. வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் கடந்து போயிருப்பாள். இவளுக்கு மூச்சுத்தானே பிழைப்பு. தூங்குகிறவர் மூச்சு, அழுகிறவர் மூச்சு, நடிக்கிறவர் மூச்சு எல்லாம் கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவாள். இது இரண்டு வருடமாகப் பக்கத்துத் தலையணையில் கேட்டுப் பழகிய மூச்சு. கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"குட்டி, கதவைத் திற."

"குளிச்சிட்டிருக்கேன்மா."

"தண்ணியே ஓடலை. திற."

திறந்தாள். தர்பூசணி வாசனை. கை முதுகுக்குப் பின்னால்.

"எத்தனை நாளா?"

மகள் ஒளித்த கையை முன்னால் கொண்டுவந்தாள். பிறகு, "போன பரீட்சையிலேருந்து. எல்லாரும்தாம்மா. இது சிகரெட் இல்லை, வேப்" என்றாள்.

"அப்பா சிகரெட்டை விடறதுக்காக இதைப் பிடிக்கறார். நீ எதை விடறதுக்காகப் பிடிக்கறே?"

"அப்பாவுக்கு நல்லது, எனக்குக் கெட்டதா? நீதானே டெஸ்ட் எடுத்தே? அறுபத்தொண்ணு எண்பத்துநாலு ஆச்சு. கெட்டதா இருந்தா எப்படிம்மா ஏறும்?" மகள் குரலில் எகத்தாளம் இல்லை. நிஜமாகவே கேட்டாள். "பயமா இருந்தப்போ நானே போய் ஃபிரிட்ஜ்ல பாத்துப்பேன். உன் கையெழுத்து இருக்கேன்னு."

ஊதுங்கக்கா குனிந்து, விழுந்த துணிகளைப் பொறுக்கினாள். மடித்ததை மறுபடி மடித்தாள்.

6

இங்கே கதையை நிறுத்திவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னுடைய சோதனைப் பேப்பர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மருத்துவரிடம் இன்னும் காட்டவில்லை. அதன் மேலேயே என் மெஷினும் இருக்கிறது. ஆமாம், என்னிடமும் ஒன்று உண்டு, புதினா வாசனை. இந்தப் பகுதியை எழுதும்போது இழுப்பறையை நான்கு தடவை திறந்து மூடியிருக்கிறேன்.

என் பேப்பரில் இருப்பது எழுபத்திரண்டு. அந்த எண்ணைப் பற்றி இப்போது ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு அந்த அம்மையார் எனக்குப் போதுமான அளவு கத்தினாரா? நான் கடைசி ஆள். மணி ஒன்றரை. அவருக்குப் பசித்திருக்கும். நானே கட்டிய ஒரு பொம்மைக் கதை திரும்பி வந்து என் கழுத்தைப் பிடிக்கிறது.

பயமுறுத்தித் திருத்துவது பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். சிகரெட் பெட்டியின் மேல் ஏன் அழுகிய வாயைப் போடுகிறார்கள்? பயத்தால் சிலராவது விடுவார்கள் என்றுதான். அந்த வாய் நிஜ வாய். ஊதுங்கக்காவின் அறுபத்தொன்று பொய். ஆனால் அழுகிய வாயைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்த ஆளை அந்தப் பொய்தான் பெஞ்சில் உட்காரவைத்தது. அப்படியானால் பொய்ப் பயம் என்பது

(முடிக்கவில்லை. எந்தப் பக்கம் முடித்தாலும் குட்டி குளியலறை வாசலில் நிற்கிறாள்.)

தங்கை படித்துவிட்டுச் சொன்னாள். "இந்தப் பொம்பளை மாட்டினா வேலை போயிடும். அதை ஏன் எழுதாம மறைக்கறே?" எழுதிவிட்டேன். வேலை போய்விடும். ஆனால் அந்தப் புதன்கிழமை முழுக்க அவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

7

கூட்டம் நகராட்சி மண்டபத்தில். மேடையில் ஐந்து நாற்காலி. நடுவில் தலைமை தாங்கும் அம்மையார், அவர் முன்னால் ஒரு மணி. மூன்று நிமிடம் ஆனதும் தட்டுவார். லிஃப்ட்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில். மனைவியும் மகளும் நான்கு வரிசை பின்னால். மகள் பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள். அப்பா பேசுவதைப் பார்க்க வேண்டுமாம்.

நெஞ்சக மருத்துவர் ஒருவர் பேசினார். "என்கிட்ட வர்றவங்க பத்துத் தடவை முயற்சி பண்ணித் தோத்தவங்க. இது நல்லதுன்னு நான் சொல்லலை. சிகரெட்டைவிட இது பரவாயில்லைன்னு சொல்றேன். இதையும் பிடுங்கிட்டா அவங்க எங்கே போவாங்கன்னு உங்களுக்கும் தெரியும்."

அடுத்து ஒரு தலைமை ஆசிரியை. "எங்க பள்ளிக்கூடத்துல கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாளை எல்லாம் கழட்டிட்டேன். பொண்ணுங்க படிக்கிற இடத்துல அப்படிச் செய்யறது எனக்கே அவமானமாத்தான் இருக்கு. ஆனா பாடம் நடக்கறப்ப கை நடுங்கி, வெளியே போகணும் மிஸ்னு கேக்கற பிள்ளைங்களை நீங்க பாத்ததில்லை. அவங்க யாரும் ஒரு சிகரெட்கூடப் பிடிச்சதில்லை. எதுலேருந்து தப்பிக்க அவங்களுக்கு இது?"

இரண்டு பேருக்கும் கைத்தட்டல். இரண்டு பேர் சொன்னதும் சரி. ஊதுங்கக்காவுக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மருத்துவர் சொன்ன ஆள் முன்வரிசையில் இருக்கிறார், தலைமை ஆசிரியை சொன்ன பெண் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிறாள்.

லிஃப்ட்காரர் மைக்கைப் பிடித்தார். "எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. ரெண்டு பேப்பர் கொண்டுவந்திருக்கேன்." தன் முப்பது சிகரெட்டையும் அறுபத்தொன்றையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததையும் மறைக்காமல் சொன்னார். "அன்னைக்கு எனக்குச் சாவு பயம் வந்திடுச்சு. பொண்ணு சின்னப் பொண்ணு. அவ கல்யாணத்தைப் பாக்க மாட்டேன்னு நினைச்சேன்." பிறகு எண்பத்துநான்கைச் சொன்னார். மகள் அழுதுகொண்டிருந்தாள்.

தலைமை அம்மையார் பேப்பர்களை வாங்கிப் பார்த்தார். மணி அடிக்கவில்லை. "ரெண்டுலயும் ஒரே கையெழுத்து இருக்கே. யார் எடுத்தது?"

"என் மனைவிதாங்க. அதோ இருக்காங்க."

யாரோ ஒரு மைக்கைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்கள். இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கதான் எடுத்தீங்களாம்மா?"

"ஆமாங்க."

"ரெண்டையும் ஒரே மாதிரித்தானே எடுத்தீங்க? அப்பத்தான் ஒப்பிட முடியும், அதனால கேக்கறேன்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் பெருமையோடு தலையாட்டினார், சொல்லு சொல்லு என்று.

"ஒரே மெஷின்தாங்க" என்றாள்.

கைத்தட்டல். தலைமை அம்மையார் எதையோ எழுதிக்கொண்டார். மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள்.

8

இந்த இடத்துக்குப் பிறகு நான் எழுதிக் கிழித்த முடிவுகள்:

முதல் முடிவில் அவள் மைக்கைத் திருப்பி வாங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். மண்டபம் கொந்தளிக்கிறது. லிஃப்ட்காரர் அன்று சாயங்காலமே சிகரெட்டுக்குத் திரும்புகிறார். மகள் விடுகிறாள். ஒருவரைக் கொடுத்து ஒருவரை வாங்கும் கணக்கு. எழுதிவிட்டு எனக்கே கூசியது.

இரண்டாவது முடிவில் அவள் வாயே திறப்பதில்லை. விதி வருகிறது அல்லது வருவதில்லை. பல வருடம் கழித்து மகள் அதே அறையில் அதே நாற்காலியில் இருமிக்கொண்டு. இதைப் பாதி எழுதி நிறுத்தினேன். என் சிகரெட் பெட்டிப் படமாக அந்தப் பெண்ணை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதில் கணவரிடம் மட்டும் தனியாகச் சொல்கிறாள். அவர் சிரிக்கிறார், 'எனக்கு அப்பவே தெரியும்' என்கிறார். எல்லாம் சுபம். இப்படி எந்த வீட்டிலும் நடந்து நான் பார்த்ததில்லை.

நிஜத்தில் [நிஜம் என்ற வார்த்தைக்கு மன்னிக்கவும்] நடந்தது வேறு. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவுக்கு முன்னால்தான் இடம் கிடைத்தது. அம்மாவும் மகளும் கடைசிச் சீட்டில். மகள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"எனக்கும் எடேன்மா."

"எதை?"

"டெஸ்ட். குறைஞ்சிருந்தா விட்டுடறேன். சத்தியமா. அன்னைக்கே தூக்கிப் போட்டுடறேன்." கொஞ்சம் நிறுத்தி, "நல்லா இருந்துச்சுன்னா நீ அப்புறம் என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது" என்றாள்.

அம்மா சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் அவர்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டது. முன்னாலிருந்து அவர் கத்தியபோதுதான் இருவரும் எழுந்தார்கள்.

9

சனிக்கிழமை மதியம். வெளிநோயாளிகள் போய்விட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை.

ஊதுங்கக்கா கருவியைச் சரிபார்த்தாள். வயது பதினாறு என்று அடித்தாள். மகளைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் பார்த்தாள். ஒரு வருடத்தில் நான்கு செண்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். அது அம்மாவுக்குத் தெரியாமலே போயிருக்கிறது. உறையைக் கிழித்துப் புது அட்டைக் குழாயை எடுத்தாள்.

"வலிக்குமா?" என்றாள் மகள்.

"இல்லை."

"ஏன்மா உன் கை இப்படி ஜில்லுனு இருக்கு?"

கிளிப்பை மாட்டினாள்.

முடிவு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். பதினாறு வயது நுரையீரல், ஆறு மாதப் பழக்கம். நிகோடின் அந்தப் பெண்ணை எங்கே பிடித்திருக்கிறதோ அதை இந்தக் கருவி பார்க்காது. இது காற்றை மட்டும்தான் அளக்கும். முறைப்படி எடுத்தால் நூறு வரும், நூற்றைந்துகூட வரும். அதை மகள் ஃபிரிட்ஜில் மூன்றாவது பேப்பராக ஒட்டுவாள். முறைப்படி எடுக்காவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் வரவைக்கலாம். எழுபது. அறுபத்தைந்து. மகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுவாள். அப்பாவைப் போல அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கு இல்லாத ஒரு நோயை நினைத்து அழுவாள். விட்டுவிடுவாள். ஆனால் இல்லாத ஒன்றுக்குப் பயப்பட அம்மாவிடமே கற்றவள், நிஜமாகப் பயப்பட வேண்டிய நாளில் யாரை நம்புவாள்?

"இழு" என்றாள் ஊதுங்கக்கா. "இழு, இழு, இன்னும் இழு."

மகள் இழுத்தாள். தோள் இரண்டும் உயர்ந்தன. நெஞ்சு நிறைந்தது. கண் அகலத் திறந்தது.

அடுத்தது நான் எழுத வேண்டும். மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன், எழுத முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவைக் கத்தவைத்தால் அந்தப் பெண்ணின் கையில் நானே ஒரு அனுமதிச் சீட்டைக் கொடுக்கிறேன். கத்தாமல் விட்டால் அவளுக்கு நான் செய்வது அவள் அம்மா அவள் அப்பாவுக்குச் செய்தது. நான் எழுத்தாளன், அவர்கள் வீட்டு ஆள் இல்லை என்று தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். அதனால்தான் இதை உங்களிடம் கொடுக்கிறேன். நீங்கள் யாருக்காவது அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 'ஊது' என்ற ஒரு வார்த்தைதான். கத்தினாலும் சரி, சாதாரணமாகச் சொன்னாலும் சரி.

ஆனால் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. முழுதாக இழுத்த மூச்சை உள்ளே நிறுத்திவைக்கக் கூடாது. நிறைந்த உடனே ஊதச் சொல்ல வேண்டும், அதுதான் விதி. தாமதம் ஆக ஆக எண் தானாகக் குறையும். யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நான் மேலே எழுதிய அந்தப் பத்தியை நீங்கள் படித்து முடிக்க அரை நிமிடமாவது ஆகியிருக்கும்.

பெண்ணின் முகம் சிவக்க ஆரம்பித்துவிட்டது. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.